இங்கிலாந்தின் பழைய கிராமத்துச் சர்ச்சும் வயல்வழி நடையும்: புதிதாய்ப் போகிறவர்களுக்கு

இங்கிலாந்துக்குக் குடிவந்து வேலை, வீடு எல்லாம் ஓரளவு நிலைப்பட்ட பிறகு, ஒரு சனிக்கிழமை கிராமப் பக்கம் போய்வரலாமே என்று தோன்றும். எழுநூறு, எண்ணூறு வருஷத்துப் பழைய சர்ச் ஒன்று, அதைச் சுற்றிப் பச்சை வயல், ஒரு ஓடை. படத்தில் பார்க்க எளிதாகத்தான் இருக்கும். கிளம்பினால்தான் சிக்கல் தெரியும். சர்ச் பூட்டியிருக்கும், பஸ் ஞாயிற்றுக்கிழமை ஓடாது, கைபேசி காட்டிய பாதை யாரோ ஒருவர் வீட்டுக் கொல்லையில் போய் முடியும். இதெல்லாம் எனக்கு நடந்ததுதான். யாரும் எடுத்துச் சொல்லாததால் தட்டுத்தடுமாறித் தெரிந்துகொண்டவற்றை இங்கே வரிசையாக எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெரும்பாலோர் காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவது என்பதில் ஆரம்பிப்பார்கள். நீங்கள் கடைசியிலிருந்து ஆரம்பியுங்கள். சர்ச் எப்போது திறந்திருக்கும், திரும்பி வர வண்டி எப்போது, இருட்டுவது எப்போது என்ற மூன்றும் உறுதியான பிறகு நடக்கும் தூரத்தை முடிவு செய்யுங்கள்.

உதாரணத்துக்கு நான் எடுத்துக்கொள்வது சரே மாவட்டத்தில் கில்ஃபர்டுக்குக் கிழக்கே உள்ள ஒரு வழி. கோம்ஷல் ஸ்டேஷனில் இறங்கி, ஷியர் கிராமத்து செயின்ட் ஜேம்ஸ் சர்ச், ஆல்பரி பார்க்கிலுள்ள பழைய சர்ச், குன்றின் மேல் இருக்கும் செயின்ட் மார்த்தா சர்ச் ஆகியவற்றைப் பார்த்துக்கொண்டு சில்வொர்த் ஸ்டேஷனில் ரயில் ஏறுவது. மொத்தம் சுமார் 10 கி.மீ. வேறு மாவட்டத்தில் இருப்பவர்களுக்கும் முறை இதேதான், ஊர்ப் பெயர்கள் மட்டும் மாறும்.

1. சர்ச் திறந்திருக்குமா என்று பாருங்கள்

கிராமத்துச் சர்ச்சுக்குள் போக டிக்கெட் கிடையாது, முன்பதிவும் வேண்டாம். பாஸ்போர்ட், விசா எதுவும் யாரும் கேட்க மாட்டார்கள். நீங்கள் எந்த மதம் என்றும் கேட்க மாட்டார்கள். பெரிய கதீட்ரல்கள் சிலவற்றில் நுழைவுக் கட்டணம் உண்டு என்பதால் இங்கேயும் இருக்கும் என்று நினைத்துத் தயங்க வேண்டியதில்லை.

உண்மையான பிரச்சினை பூட்டுதான். சில சர்ச்சுகள் தினமும் காலையில் திறந்து மாலையில் பூட்டப்படும். சிலவற்றில் ஆராதனை நேரத்தில் மட்டும் கதவு திறக்கும். சர்ச் ஆஃப் இங்கிலாந்து நடத்தும் 'எ சர்ச் நியர் யூ' இணையதளத்தில் ஊர்ப் பெயரைப் போட்டால் அந்தச் சர்ச்சின் பக்கம் வரும். ஆராதனை நேரமும் தொடர்பு எண்ணும் அங்கே இருக்கும். பார்வையாளருக்கு எப்போது திறந்திருக்கும் என்று எழுதாமல் இருந்தால் இரண்டு மூன்று நாளுக்கு முன்பே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். "சனிக்கிழமை மதியம் உள்ளே வந்து பார்க்கலாமா?" என்று ஒரு வரி போதும். பெரும்பாலும் வயதானவர்கள் சம்பளமில்லாமல் பார்த்துக்கொள்ளும் வேலை இது. ஒரே நாளில் பதில் வரும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

வழக்கமான ஆராதனை நின்றுபோன பழைய சர்ச்சுகளை சர்ச்சஸ் கன்சர்வேஷன் டிரஸ்ட் என்ற அமைப்பு பராமரிக்கிறது. இப்படி 350-க்கும் மேற்பட்ட சர்ச்சுகள் அவர்கள் கையில் இருக்கின்றன. பெரும்பாலானவை பகலில் தினமும் திறந்திருக்கும். ஆல்பரி பழைய சர்ச் அந்த வகை. முதல் தடவை போகிறவர்கள் இந்தப் பட்டியலிலிருந்து ஒன்றைத் தேர்ந்தெடுத்தால் ஏமாற்றத்துக்கு வாய்ப்பு குறைவு.

எந்த நாள் போகலாம்? ஞாயிறு காலை ஆராதனை நடக்கும்போது சுற்றிப் பார்க்க முடியாது. உட்கார்ந்து கலந்துகொள்வதானால் தாராளமாகப் போகலாம். ஒரே பாதிரியார் நாலைந்து கிராமத்தைப் பார்த்துக்கொள்வதால் முதல் ஞாயிறு இந்த ஊர், மூன்றாம் ஞாயிறு அந்த ஊர் என்று ஆராதனை மாறி மாறி வரும். போன மாதத்துப் பட்டியலை நம்ப வேண்டாம். கோடைக்காலச் சனிக்கிழமை மதியம் கல்யாணம் இருக்கலாம், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

பூட்டே இல்லாத நாள் வேண்டுமென்றால் செப்டம்பரைப் பாருங்கள். அந்த மாதத்தின் இரண்டாவது சனிக்கிழமை ரைட் அண்ட் ஸ்ட்ரைடு என்ற நிதிதிரட்டும் நிகழ்ச்சி நடக்கும். சைக்கிளிலும் நடந்தும் வருகிறவர்களுக்காகப் பல மாவட்டங்களில் சர்ச்சுகளைத் திறந்து வைத்திருப்பார்கள். ஹெரிடேஜ் ஓப்பன் டேஸ் வருவதும் அதே மாதம்தான். வழக்கமாகப் பூட்டியிருக்கும் கட்டிடங்களைக்கூட அப்போது இலவசமாகப் பார்க்கலாம்.

2. திரும்பி வரும் வண்டி, டிக்கெட், செலவு

புதிதாக வந்தவர்கள் அதிகம் பணம் விடும் இடம் இது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

லண்டனில் கார்டைத் தட்டிவிட்டுப் போய்ப் பழகியிருப்பீர்கள். அந்த வசதி எல்லா ஸ்டேஷனிலும் கிடையாது. நகரத்தில் தட்டி ஏறி, அந்த வசதி இல்லாத கிராம ஸ்டேஷனில் இறங்கினால் டிக்கெட் இல்லாமல் பயணம் செய்த கணக்கு. இங்கிலாந்தில் அதற்கான அபராதம் 100 பவுண்டு, அதோடு அந்தப் பயணத்துக்கான ஒருவழிக் கட்டணமும் சேரும். 21 நாளுக்குள் கட்டினால் 100 என்பது 50 ஆகும். கிராமத்துக்குப் போவதென்றால் ஆப்பிலோ கவுண்டரிலோ ஊர்ப் பெயர் போட்ட டிக்கெட்டையே வாங்கிக்கொள்ளுங்கள்.

அட்வான்ஸ் டிக்கெட் மலிவாகத் தெரியும். ஆனால் அதில் குறிப்பிட்ட ரயிலில் மட்டுமே வரலாம். சேற்றில் நடந்து களைத்து வருகிறவர்கள் 4:12 ரயிலைப் பிடித்தே ஆக வேண்டும் என்று ஓடுவது தேவையில்லாத தலைவலி. திரும்பி வருவதற்கு ஆஃப்-பீக் டிக்கெட்டே சரி. வாரநாளில் காலை நெரிசல் நேரம் முடிந்த பிறகுதான் அது செல்லும், சனி ஞாயிறில் பெரும்பாலும் நாள் முழுக்கச் செல்லும்.

தள்ளுபடிகளில் முக்கியமானவை இவை:

நெட்வொர்க் ரயில்கார்டு: வருஷத்துக்கு 35 பவுண்டு. லண்டனும் தென்கிழக்குப் பகுதியும் இதில் அடங்கும். உங்களுக்கும் உடன்வரும் மூன்று பெரியவர்களுக்கும் மூன்றில் ஒரு பங்கு குறையும், 5 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு 60 சதவீதம். வாரநாளில் காலை 10 மணிக்குப் பிறகுதான் செல்லும், குறைந்தபட்சக் கட்டணமும் உண்டு. வார இறுதியில் இந்தத் தொல்லைகள் இல்லை.

குரூப்சேவ்: 3 முதல் 9 பேர் சேர்ந்து போனால், இந்த வசதி உள்ள ரயில் நிறுவனங்களில் எந்தக் கார்டும் இல்லாமலே ஆஃப்-பீக் கட்டணத்தில் மூன்றில் ஒரு பங்கு குறையும். நண்பர்கள் கூட்டமாகப் போவதற்கு இதுவே போதும், 35 பவுண்டு கொடுத்து கார்டு வாங்க வேண்டாம்.

5 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு டிக்கெட் வேண்டாம்.

ரயில்கார்டு கைபேசியில் இருந்தால் சார்ஜ் இறங்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். பரிசோதகர் கேட்கும்போது காட்ட முடியாவிட்டால் தள்ளுபடி டிக்கெட் செல்லாது. வரைபடம், கேமரா, டிக்கெட் எல்லாமே ஒரே கைபேசியில் என்றால் மாலைக்குள் அது படுத்துவிடும். பவர் பேங்க் கட்டாயம்.

நம் உதாரண வழியில் ஏறும் இடமும் இறங்கும் இடமும் வேறு. இதற்குத் தனித்தனியாக இரண்டு டிக்கெட் வாங்க வேண்டியதில்லை. கில்ஃபர்ட் வழியாக வருகிறவர்கள் தொலைவில் உள்ள கோம்ஷலுக்கு ரிட்டர்ன் எடுத்துவிட்டு, திரும்பும்போது அதே தடத்தில் நடுவிலுள்ள சில்வொர்த்தில் ஏறிக்கொள்ளலாம். ஆஃப்-பீக் டிக்கெட்டில் பொதுவாக இது செல்லும், அட்வான்ஸ் டிக்கெட்டில் செல்லாது. இந்தத் தடத்தில் வரும் வேக ரயில்கள் கோம்ஷலிலும் சில்வொர்த்திலும் நிற்பதில்லை. நிற்கும் ரயில்களுக்கு நடுவே நீண்ட இடைவெளி இருக்கும். அதனால் திரும்பும் ரயில்கள் இரண்டின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், ஒன்றைத் தவறவிட்டால் அடுத்தது.

பஸ்ஸில் போகிறவர்களுக்கு: இங்கிலாந்தில் 2025 தொடக்கத்திலிருந்து பெரும்பாலான உள்ளூர் பஸ்களில் ஒருவழிக் கட்டணம் அதிகபட்சம் 3 பவுண்டுதான். ஆனால் கிராமத்து பஸ் மாலையில் சீக்கிரமே நின்றுவிடும், பல தடங்களில் ஞாயிறன்று ஓடவே ஓடாது. ஞாயிற்றுக்கிழமை ரயில் பாதையில் பராமரிப்பு வேலை நடந்தால் ரயிலுக்குப் பதில் பஸ் விடுவார்கள், அது இரட்டிப்பு நேரம் எடுக்கும். முந்தின நாள் இரவு நேஷனல் ரயில் தளத்தில் ஒருமுறை பார்த்துவிட்டுப் படுங்கள்.

கார் வைத்திருப்பவர்களுக்கு ஒன்றே ஒன்று: வயல் கதவுக்கு முன்னால் நிறுத்தாதீர்கள். பயன்படுத்தாத கதவு போலத்தான் இருக்கும். பத்து நிமிஷத்தில் டிராக்டர் வரும்.

3. வரைபடம்

கூகுள் மேப்பை நம்பி வயலுக்குள் இறங்காதீர்கள். அது சாலைக்கு நல்லது, வயல்வழிக்கு உதவாது. இங்கே வேண்டியது நாட்டின் நில அளவை நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வே வெளியிடும் எக்ஸ்ப்ளோரர் வரைபடம். நாலு சென்டிமீட்டர் ஒரு கிலோமீட்டர் என்ற அளவில் வேலிகள்கூடத் தெரியும். காகித வரைபடம் வாங்கினால் கைபேசியில் இறக்கிக்கொள்ளும் குறியீடும் அதிலேயே இருக்கும். காசு கொடுக்க மனமில்லை என்றால் உள்ளூர் நூலகத்தில் கேளுங்கள், பல இடங்களில் இரவலாகக் கொடுப்பார்கள்.

அதில் பச்சை நிறத்தில் குட்டிக் குட்டிக் கோடாகப் போவது பொது நடைபாதை. பச்சையிலேயே நீளக் கோடுகளாகப் போவது குதிரையும் சைக்கிளும் வரக்கூடிய பாதை, அதிலும் நடக்கலாம். கறுப்புக் கோடுகளாலான பாதையும் ஏராளமாக இருக்கும், ஏமாறுவது அங்கேதான். அங்கே பாதை இருக்கிறது என்பதை மட்டுமே கறுப்புக் கோடு சொல்கிறது. உங்களுக்கு அதில் நடக்க உரிமை இருக்கிறதா என்பதற்கு அது ஆதாரமே இல்லை. பச்சையை விட்டு விலகாதீர்கள்.

இடத்தில் போனால் கம்பங்களில் அம்புக்குறி இருக்கும். மஞ்சள் அம்பு நடைபாதை, நீல அம்பு குதிரைப் பாதை. பாதை ஒருவர் பண்ணை முற்றத்துக்கு நடுவே போகலாம், வீட்டு ஜன்னலை ஒட்டியும் போகலாம். 'பிரைவேட்' என்று பலகை இருக்கும். அந்த நிலம் தனியாருடையதுதான், ஆனால் வரைபடத்தில் பச்சைக் கோடு இருந்தால் அதன் மேல் நடக்க உங்களுக்குச் சட்டப்படி உரிமை உண்டு. நம் ஊரில் பிறர் தோட்டத்துக்குள் நுழையக் கூசும் அதே கூச்சம் இங்கேயும் வரும். அம்பைப் பார்த்துக்கொண்டு நேராக நடங்கள். வழி தவறி வெளியே போய்விட்டால் யாராவது சொல்வார்கள். மன்னிப்புக் கேட்டுவிட்டுத் திரும்புங்கள், அதற்காக போலீஸ் வராது.

ஆல்பரி பார்க் தனியார் எஸ்டேட். அதன் ஊடாகப் போகும் பொதுவழி எது, பழைய சர்ச்சுக்குப் பிரிந்து போகும் வழி எது என்று கிளம்புவதற்கு முன்பே வரைபடத்தில் விரல் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பள்ளத்தாக்குகளில் சிக்னல் இருக்காது, எனவே வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். இன்னொன்றையும் வீட்டிலேயே செய்துவிடுங்கள். 'ரெஜிஸ்டர்' என்ற ஆங்கிலச் சொல்லை அவசர உதவி எண்ணான 999-க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பி, வரும் பதிலில் சொல்கிறபடி உறுதி செய்துவிட்டால், பேச முடியாத அளவு சிக்னல் மோசமான இடத்திலிருந்தும் குறுஞ்செய்தி மூலம் உதவி கேட்கலாம். இதற்குச் செலவில்லை.

4. நேரக் கணக்கு

சமதளத்தில் மணிக்கு 5 கி.மீ. என்பது காய்ந்த தரைக்கான கணக்கு. சேறு, பிள்ளைகள், படம் எடுப்பது எல்லாம் சேர்த்தால் 3 என்று வைத்துக்கொள்ளுங்கள். 10 கி.மீ. வழிக்கு மூன்றரை மணி நேரம், சர்ச்சுகளுக்குள் ஒரு மணி நேரம், சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம். ஆக ஐந்தேகால் மணி நேரம்.

டிசம்பரில் தென்கிழக்கு இங்கிலாந்தில் நாலு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். ஜூனில் ஒன்பது மணிக்கும் வெளிச்சம். அக்டோபர் கடைசி ஞாயிறு அன்று கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்கு வைப்பார்கள். போன வாரம் ஆறு மணி வரை வெளிச்சம் இருந்ததே என்று நம்பிப் போனால் அடுத்த வாரம் ஐந்து மணிக்கே காட்டுக்குள் டார்ச் அடிக்க வேண்டியிருக்கும்.

முதல் தடவைக்கு மே, ஜூன், செப்டம்பர் நல்லது. நவம்பர் முதல் மார்ச் வரை சேறு. சேறு என்றால் சும்மா ஈரம் இல்லை, கணுக்காலைப் பிடித்து ஷூவைக் கழற்றிக்கொள்ளும் களிமண்.

5. உடை, பை

ஜீன்ஸ் நனைந்தால் காயாது. சீக்கிரம் காயும் முழுக்கால் பேன்ட் போடுங்கள். அரைக்கால் டவுசர் வேண்டாம், பாதை ஓரமெங்கும் காஞ்சொறி மாதிரி அரிக்கும் நெட்டில் செடி இடுப்பளவு நிற்கும். சர்ச்சுக்குப் போகிறோமே என்று சேலை கட்டிக்கொண்டு வருவதையும் பார்த்திருக்கிறேன். சர்ச்சில் உடைக் கட்டுப்பாடு எதுவுமில்லை, ஆனால் வேலியைத் தாண்ட வைத்திருக்கும் மரப்படிகளில் சேலையோடு ஏறி இறங்குவது பெரும் அவஸ்தை. சுடிதார் பரவாயில்லை.

சில இடங்களில் படிக்குப் பதிலாக ஒரு நேரத்தில் ஒருவர் மட்டும் புகுந்து வரும் வளைகதவு இருக்கும். குழந்தைத் தள்ளுவண்டி அதற்குள் நுழையாது, குழந்தையை முதுகில் தூக்கும் பை எடுத்துப்போங்கள்.

மழைக்கோட்டு, தண்ணீர், ஷூவைப் போட்டுவைக்க ஒரு பிளாஸ்டிக் பை, கொஞ்சம் சில்லறை. சாப்பாடு கையோடு இருப்பது நல்லது. பல கிராமத்துப் பப்களில் மதியச் சமையல் இரண்டு, இரண்டரைக்கெல்லாம் முடிந்துவிடும். புளிசாதமும் உருளைக்கிழங்கு வறுவலும் கட்டிக்கொண்டு போனால் அந்தக் கவலை இல்லை. பெரும்பாலான சர்ச்சுகளில் கழிப்பறை கிடையாது. பப்பில் ஒரு காபி குடித்துவிட்டு அங்கேயே போய் வாருங்கள்.

6. சர்ச் வாசலில்

கதவு தடித்த ஓக் மரம். அதில் ஒரு கனத்த இரும்பு வளையம் தொங்கும். தள்ளிப் பார்த்து அசையவில்லை என்றதும் பூட்டியிருக்கிறது என்று திரும்பிப் போகிறவர்கள் நிறையப் பேர். அந்த வளையத்தைப் பிடித்து வலப்பக்கம் திருப்புங்கள். ஒன்றும் ஆகவில்லை என்றால் இடப்பக்கம். உள்ளே தாழ் தூக்கும் 'டக்' சத்தம் கேட்டதும் தோளைக் கொடுத்துத் தள்ள வேண்டும். கதவுக்கு அந்தப்பக்கம் தரை ஒரு படி கீழே இருக்கலாம், பார்த்துக் கால் வையுங்கள்.

நிஜமாகவே பூட்டியிருந்தால் முன்வாசல் மண்டபத்தில் உள்ள அறிவிப்புப் பலகையைப் பாருங்கள். சாவி யார் வீட்டில் இருக்கிறது, எந்த எண்ணைக் கூப்பிட வேண்டும் என்று எழுதியிருக்கும். பக்கத்துக் கடையிலோ பப்பிலோ சாவி இருப்பதும் உண்டு. கூச்சப்படாமல் கேளுங்கள்.

வெளியே கம்பிவலைக் கதவு ஒன்று தனியாக இருந்தால் அது குருவிகள் உள்ளே போகாமலிருக்க. உள்ளே மாட்டிக்கொண்ட பறவை வெளியேற வழியில்லாமல் செத்துப்போகும், எனவே வரும்போதும் போகும்போதும் இரண்டு கதவையும் சாத்துங்கள்.

சேற்று ஷூவை மண்டபத்திலேயே கழற்றிவிட்டுக் காலுறையோடு போகலாம். நமக்கு இது புதுசா என்ன! உள்ளே இருட்டாக இருந்தால் ஒரு நிமிஷம் நில்லுங்கள், சில இடங்களில் ஆள் அசைந்தால் விளக்கு தானாக எரியும்.

படம் எடுக்கலாம், ஆராதனை நேரத்தில் மட்டும் கூடாது. தரையிலோ சுவரிலோ பதித்திருக்கும் பழைய நினைவுப் பித்தளைத் தகடுகளின் மேல் காகிதம் வைத்துத் தேய்த்து அச்செடுக்க அனுமதி வேண்டும். தரையில் எலிப்புழுக்கை போலக் கறுப்பாகக் கிடந்தால் அது வவ்வால் எச்சம். வவ்வால்கள் சட்டப் பாதுகாப்பு பெற்றவை, விரட்டாதீர்கள்.

ஷியரில் பீடப் பகுதியின் வடக்குச் சுவரைத் தேடிப் பாருங்கள். நாலிதழ்ப் பூ வடிவத்தில் ஒரு துளையும் அதன் பக்கத்தில் சாய்வாகக் குடைந்த இன்னொரு திறப்பும் இருக்கும். 1329-இல் கிறிஸ்டின் கார்ப்பென்டர் என்ற பெண் இந்தச் சுவருக்கு வெளியே ஒட்டியிருந்த சிற்றறையில் துறவியாக அடைபட்டு வாழ்ந்தார். பீடத்தை அவர் பார்த்தது இந்த வழியாகத்தான். ஆல்பரியில் சுவரில் பயணிகளின் காவல் புனிதரான செயின்ட் கிறிஸ்டோபரின் ஓவியம் இருக்கிறது. இரண்டுமே அவசரத்தில் கண்ணில் படாமல் போகக்கூடியவை.

காணிக்கை கட்டாயமில்லை. ஆனால் பழைய கட்டிடத்தைப் பராமரிக்க இந்தப் பணமும் உதவும். குடும்பமாகப் போனால் 5 பவுண்டு போடுவது மரியாதை. சுவரில் பதித்த இரும்புப் பெட்டி இருக்கும், இப்போது பல இடங்களில் கார்டு தட்டும் கருவியும் உண்டு. வருகைப் பதிவேட்டில் பெயரும் ஊரும் எழுதுங்கள். எத்தனை பேர் வருகிறார்கள் என்று காட்டுவது நிதி கேட்டு விண்ணப்பிக்கும்போது அவர்களுக்கு உதவும்.

7. வயலில்

கதவு திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விடுங்கள். பூட்டிய கதவை ஏறித் தாண்ட நேர்ந்தால் கீல் இருக்கும் பக்கமாக ஏறுங்கள், மறுபக்கம் ஏறினால் கதவு தொங்கிப்போகும்.

பயிருக்கு நடுவே பாதை போகிறதே, மிதிக்கலாமா என்ற சந்தேகம் எல்லோருக்கும் வரும். விதைப்பதற்காக முதலில் உழுத 14 நாளுக்குள் குறுக்கு வயல் நடைபாதையைக் குறைந்தது ஒரு மீட்டர் அகலத்துக்குச் சீராக்கித் தருவது நில உரிமையாளரின் கடமை. செய்யவில்லை என்றால் வரைபடத்தில் உள்ள கோட்டின்மேல் வரிசையாக ஒருவர் பின் ஒருவராக நடந்து போகலாம். பாதையை வேலி போட்டு மறித்திருந்தால் மாவட்டக் கவுன்சிலின் இணையதளத்தில் புகார் செய்யலாம், படமும் இடக்குறியீடும் சேர்த்து அனுப்புங்கள்.

மாடுகளைப் பற்றி ஒரு எச்சரிக்கை. நம் ஊர் மாட்டுக்குப் பழகினவர்கள் இங்கே அசட்டையாக இருப்பார்கள். இந்த மாடுகள் மனிதரோடு பழகியவை அல்ல, கூட்டமாக ஓடிவரும். கன்றுக்கும் தாய்க்கும் நடுவே போகாதீர்கள், நல்ல இடைவெளி விட்டுச் சுற்றிப் போங்கள். ஓடாதீர்கள். நாய் கூட்டிப்போயிருந்து மாடு துரத்தினால் நாயை அவிழ்த்துவிட்டுவிடுங்கள். அது தப்பித்துக்கொள்ளும், நீங்களும் தப்பிப்பீர்கள்.

செயின்ட் மார்த்தா குன்றுக்கு மணற்பாங்கான ஏற்றம். அதன் வாசல் வரை கார் வராது, எல்லோரும் நடந்துதான் ஏற வேண்டும். ஆல்பரியில் நேரமாகிவிட்டால் இதை விட்டுவிட்டுப் பள்ளத்தாக்கு வழியாகவே சில்வொர்த் போய்விடுங்கள்.

8. வீட்டுக்கு வந்ததும்

முழங்கால் பின்புறம், இடுப்பு, அக்குள், பிள்ளைகளுக்கு என்றால் தலைமுடி ஓரம் எல்லாம் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கசகசா அளவுதான் இருக்கும். இருந்தால் நுனி மெல்லிய இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து மெதுவாக நேராக இழுங்கள். எண்ணெய் தடவுவது, நெருப்பு காட்டுவது எல்லாம் வேண்டாம். அடுத்த சில வாரங்களில் கடித்த இடத்தைச் சுற்றி வட்டமாகச் சிவந்தாலோ காய்ச்சல் வந்தாலோ ஜிபியிடம் (உங்கள் குடும்ப மருத்துவரிடம்) போய், உண்ணி கடித்தது என்பதையும் எந்தத் தேதி என்பதையும் சொல்லுங்கள். உண்ணிக் கடியால் வரும் லைம் நோய்க்கு மருந்து இருக்கிறது, சீக்கிரம் தொடங்கினால் நல்லது.